மாலை போடவேண்டிய படம்

என் கணவர் இராஜரட்ணம் லண்டன் தொலைக்காட்சியில் முப்பத்தொரு வருடம் நடித்தவர். சொன்னால் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடுவார். களவு போகும் கடையின் முதலாளி, ராக்ஸி ஓட்டுகிறவர், "எங்களால் முடிந்ததைச் செய்தோம்" என்று தலைகுனியும் டொக்டர். இந்தியராக நடித்தார், பாகிஸ்தானியராக நடித்தார், ஒருமுறை எகிப்தியராகவும் நடித்தார். தமிழராக ஒருநாளும் இல்லை. எந்தத் தொடரிலும் இரண்டாவது கிழமையைக் கண்டதும் இல்லை. ஒன்றில் கடையைப் பூட்டுவார்கள், அல்லது ஆளைச் சுட்டுவிடுவார்கள்.

மகள் நிலாணிக்குக் கிட்ட இருக்கலாமென்று நாங்கள் லண்டனை விட்டு ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டுக்கு வந்து நாலு வருடம். இந்தச் சித்திரையில்தான் அந்த அழைப்பு வந்தது. லண்டன் கொம்பனி ஒன்று ரொறொன்ரோவில் தொடர் எடுக்கிறதாம். வாரம் ஒன்றாக எட்டுக் கிழமை ஓடும், தமிழ்க் குடும்பத்துத் தகப்பன் வேடம்.

"எட்டுக் கிழமையும் வாறன், மலர்!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார்.

நடிக்கமுதல் காப்புறுதிக்காக டொக்டரிடம் காட்டவேண்டும் என்றார்கள். காட்டினோம். இதயத்தில் மூன்று அடைப்பு. சீக்கிரம் பைபாஸ் செய்யவேண்டும் என்று வந்தது. வேடம் கைவிட்டுப் போயிற்று. எனக்கு அதில் துளி கவலையும் இல்லை. ஆள் தப்பினால் போதும்.

இரண்டு கிழமை கழித்து, கமராவும் கையுமாக ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வாசலில் வந்து நின்றாள். பெயர் ஜெசிகா. தொடருக்கு வேண்டிய சாமான்களைத் தேடிக்கொடுப்பது அவளுடைய வேலை. தேத்தண்ணி கொடுத்து இருத்தினேன். போனில் ஒரு படம் காட்டினாள். வரவேற்பறைச் சுவர், அதில் பெரிய பிரேம், கீழே சிவப்பு மின்விளக்கு, பிரேமைச் சுற்றி மாலை.

"உங்கள் முறைப்படி மாலை சரியா?" என்று என்னிடமே கேட்டாள்.

கதையை மாற்றிவிட்டார்களாம். தகப்பன் கதை தொடங்கமுதலே இறந்துவிட்டாராம். எட்டுக் கிழமையும் அந்தத் தகப்பனாக என் கணவரின் படம் சுவரில் தொங்குமாம். எங்கள் ஆள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர்தான் கொம்பனிக்குப் போன் எடுத்து, படமாகவாவது வருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார்.

உயிரோடு இருப்பவரின் படத்துக்கு எங்களில் யார் மாலை போடுவார்கள்? அதுவும் நெஞ்சைத் திறக்கப்போகிறவரின் படத்துக்கு? ஜெசிகா போன பிறகு வீட்டில் பெரிய சண்டை.

"ரீவியிலை எத்தினை தரம் செத்திட்டன். அப்பெல்லாம் பேசாமல்தானே பாத்தனீர்?"

"அது நடிப்பு. நீங்கள் மூச்சு விடுறது எனக்கு வடிவாத் தெரியும். மாலை போட்ட படம் மூச்சு விடுமோ?"

"உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார் வழக்கம்போல. பிறகு குரல் தணிந்தது. "ஒப்பரேசன் சரிவராட்டில், மலர்? நான் கடைசியா நடிச்சது ஒரு ராக்ஸிக்காரனா இருக்கக்கூடாது."

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று இத்தனை வருடம் பகிடி பண்ணிய மனிதர். அவருக்கும் பயம் என்று அன்றுதான் கண்டேன். அழுகை வந்துவிட்டது.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். படம் எடுக்கலாம். ஆனால் ஒப்பரேசன் முடிந்து, ஆள் நலம் என்று நான் போன் பண்ணிய பிறகுதான் மாலை போடவேண்டும். ஜெசிகா சம்மதித்தாள். வியாழன் இரண்டு மணிக்குப் படப்பிடிப்பு, அதற்குள் தெரியாவிட்டால் வேறொருவரின் படம்தான் என்றாள். ஒப்பரேசனும் அதே வியாழன், காலை ஏழரைக்கு. பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நம்பினோம்.

பன்னிரண்டு ஆனது. ஒரு மணியும் ஆனது. கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழும்பினேன். யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார்கள், எங்கள் பெயரை இல்லை. விசாரிக்கப் போன நிலாணி, "இன்னும் நடக்குதாம்" என்று திரும்பி வந்தாள். நான் பிள்ளையாருக்கு நேர்ந்தேன், முருகனுக்கு நேர்ந்தேன், பிறகு யாருக்கு என்ன நேர்ந்தேன் என்றே தெரியவில்லை.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஜெசிகாவின் போன் வந்தது. எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கிறார்களாம். மாலையைப் போடலாமா?

நிலாணி போனைப் பொத்திக்கொண்டு, "அம்மா, ஓமெண்டு சொல்லுங்கோ. It's just a prop, வெறும் நடிப்புச் சாமான். அப்பான்ரை ஆசையம்மா" என்றாள்.

எனக்குத் தெரியாதா அவருடைய ஆசை? முப்பத்தொரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஓம் என்ற ஒரு சொல் சொன்னால் எட்டுக் கிழமையும் அவருக்கு. கதவைப் பார்த்தேன். பூட்டியே கிடந்தது.

"போடவேண்டாமெண்டு சொல்லு."

"அம்மா..."

"வேண்டாம்!"

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலாணி ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லிப் போனை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு இருபதுக்கு டொக்டர் வந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். நிலாணி உடனே ஜெசிகாவை அழைத்தாள். வேறு யாரோ ஒருவரின் படம் சுவரில் ஏறி, முதல் காட்சியும் எடுத்தாயிற்றாம்.

மறுநாள் காலை அவர் தொண்டையிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கரகரத்த குரலில், "மாலை போட்டாச்சோ?" என்றார்.

போட்டாச்சு என்று பொய் சொல்லத்தான் நினைத்து வந்தேன். அவர் முகத்துக்கு நேரே அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

"இல்லையப்பா. நான்தான் வேண்டாமெண்டனான்."

கடைக்கண்ணால் வழிந்த நீர் காதுக்குள் போனது. நான் துடைக்கப் போக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் வரை அப்படியே கிடந்தார். தண்ணீர் பருக்கினேன். என்னைப் பாராமலே குடித்தார்.

அவருடைய கோபம் நியாயம்தான். எத்தனை வருடமானாலும் கோபிக்கட்டும் என்று பக்கத்துக் கதிரையிலேயே இருந்தேன்.