வியாழக்கிழமை இறாலுக்கு

முகத்துவாரம் மணலடித்து மூடிய இரண்டாம் வருடம், பழவேற்காடு ஏரியின் மீன்கள் தங்களுக்குள் பாடு போட்டுக்கொண்டன. பாடு என்றால் முறை. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை இறக்குவது என்று கரையிலுள்ள பசியாவரத்து ஆண்கள் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள்; அதைப் பார்த்துத்தான் மீன்கள் கற்றிருக்க வேண்டும். கடல்நீர் உள்ளே வராமல், வெயிலில் வற்றி உப்பேறிய தண்ணீரில் எல்லோருக்கும் ஒரே நாளில் இடம் போதவில்லை. திங்களும் செவ்வாயும் மடவை, புதன் நண்டு, வியாழன் இறால், வெள்ளி கிழங்கான், மிச்ச நாட்கள் பொடிமீன்கள். கூழைக்கடாப் பறவைகளும் மடவை நாள் பார்த்தே வந்து இறங்கின. மற்ற நாட்களில் இவையெல்லாம் எங்கே போகின்றன என்று கணக்கெடுக்க வந்த அதிகாரி கேட்டார். “நம்ம பாடு இல்லாத நாள்ல நாம எங்க போறோம்னு மீனு கேட்டுச்சா சார்?” என்றார் ஊர்ப்பெரியவர் வேதாசலம். அதிகாரி அதையே எழுதிக்கொண்டு போனார்.

குப்பம்மாளுக்கு வியாழன்தான் பிழைப்பு. தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப்பறியில் போடுகிறவள். கையால் பிடிக்கும் பெண்களுக்கு ஊர்ப் பாட்டில் என்றைக்கும் பங்கு இருந்ததில்லை. மீன்கள் போட்ட பாட்டில்தான் முதன்முதலாக ஒரு நாள் கிடைத்தது. அந்த வியாழனும் மெலிந்துகொண்டே வந்து, ஆடி மாதத்தில் ஒற்றை இறால்கூடக் கைக்கு அகப்படவில்லை. மீஞ்சூரில் வேலை பார்க்கும் மகள் பூவிழி போனில், “இன்னும் இன்னாத்துக்குமா அங்க கீற? இங்க வா, கேன்டீன்ல பாத்திரம் கழுவுற வேல கீது” என்றாள். ஐப்பசி மழைவரை பார்க்கிறேன், அதற்கும் வராவிட்டால் பறியை அடுப்பில் போட்டுவிட்டு வருகிறேன் என்றாள் குப்பம்மாள்.

அப்போதுதான் ஊர் ஒரு தப்புச் செய்தது. ஆள் வராத பாட்டை அடுத்தவனுக்குக் கொடுப்பது வழக்கம். அதன்படி காலியான வியாழனை நண்டு வலைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வலையில் நண்டு வரவில்லை. வெள்ளியன்று கிழங்கானும் வரவில்லை, திங்களன்று மடவையும் வரவில்லை. பதினோரு நாள் ஏரி வெறும் தண்ணீராகக் கிடந்தது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, குப்பம்மாள் பேசினாள். “எறா செத்துக் கெடக்குது. சாவு வுழுந்த வூட்டுப் பாட்ட நாம வேற ஆளுக்குக் குடுக்கறமாண்ணா? மீனுங்க மட்டும் எப்பிடிக் குடுக்கும்?” வேதாசலம் எழுந்து, வியாழனன்று யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்றார். மறுநாள் திங்கள், மடவை எந்தக் கோபமும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

யாரும் தொடாத வியாழனில் ஏரி தன் வேலையைப் பார்த்தது. அன்று மட்டும் அடியில் கடற்புல் முளைத்தது. வெள்ளியன்று பார்த்தால் இருக்காது, அடுத்த வியாழன் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும். ஐப்பசிக் கடைசியில் பெய்த மழையில் முகத்துவாரம் தானே உடைத்துக்கொண்டது. அடுத்த வியாழன், குப்பம்மாள் இறங்கட்டும் என்று வேதாசலமே வந்து சொன்னார். சேற்றில் கை வைத்ததும் இறால்கள் அவள் விரலைத் தேடி வந்தன. பறி நிறைந்தது. நெஞ்சு நிறைந்த நன்றியை அடக்க முடியாமல், “வந்துட்டீங்களாடி கண்ணுங்களா!” என்று கேட்டுவிட்டாள். வாய் திறந்ததும் பல்லில் இருந்த பறி விழுந்து, அத்தனை இறாலும் தண்ணீருக்குள் போயின. முப்பது வருடத்தில் அவள் செய்யாத தப்பு. கரையில் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே பறியை எடுத்து மறுபடி கடித்துக்கொண்டாள்.

இப்போது எல்லா மீனும் எல்லா நாளும் கிடைக்கிறது. மீன்கள் பாட்டை மறந்திருக்கலாம், ஊர் மறக்கவில்லை. வியாழன் கையால் பிடிக்கும் பெண்களின் பாடு என்று ஊர்ச் சீட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அன்று வலை இறங்குவதில்லை. முதல் பறி நிறைந்ததும் பெண்கள் வாய் திறந்து, வந்துட்டீங்களா என்று கேட்கிறார்கள். பறிகள் விழுகின்றன. லீவு போட்டு வரும் வாரங்களில் பூவிழியும் கேட்கிறாள். அதன் பிறகுதான் வீட்டுக்கென்று பிடிக்கத் தொடங்குகிறார்கள்.