இரண்டு நட்சத்திரம், ஓர் ஆசை

திங்கட்கிழமை முதல் மணி அடித்ததும் ஹாரியட் டீச்சர் பல வாரங்களுக்குப் பிறகு வகுப்பின் வலைப்பூவைப் பெரிய திரையில் திறந்துவிட்டாள். அடுத்த கணம் பதினான்கு பிள்ளைகளும் ஒருசேரத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பயல் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். திரையின் இடது ஓரத்தில் எழுதியவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அதில் ஆறாவது பெயர், ஐந்து வாரமாக இந்த ஊரில் யார் வாயிலும் வராத பெயர். செத்துப்போனவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, படத்தைப் பார்க்கக் கூடாது என்பது இந்த ஊர் முறை. சொன்னால் போகிற வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். நாமும் இங்கே சொல்லப்போவதில்லை.

உதவி டீச்சர் நோரீன்தான் எழுந்து போய்த் திரையின் வயரைப் பிடுங்கினாள். சாவு விழுந்த வீட்டார் ஊருக்கு வெளியே போய்த் தங்குகிற துக்கக் குடிலை விட்டு அவள் பள்ளிக்கு வந்தது அன்றுதான். செத்துப்போனது அவளுடைய அக்கா வால்டாவின் மகள். அம்மாவின் தங்கையும் அம்மாதான் என்பது இங்கே வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. அந்தப் பதினொரு வயதுக்காரி நோரீனையும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள்.

"ஐயோ, சாரி நோரீன்," என்று ஹாரியட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து நாலு வயது, கண் கலங்கிவிட்டது. "சுவத்துல இருந்த போட்டோவெல்லாம் எடுத்துட்டேன். இது சுத்தமா மறந்துபோச்சு."

"பரவால்ல மிஸ். இதுக்குன்னுதான் நானே வந்தேன். பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க."

"எழுதினதை ஒண்ணொண்ணா அழிக்கணும். எல்லாம் போனாதான் பேரும் போகும். உங்களால முடியுமா?"

"முடியாம என்ன?" என்றாள் நோரீன்.

முந்தின நாள் சாயங்காலம் ஊருக்குக் கிழக்கே துக்கக் குடிலில் வைத்து வால்டா சொல்லியிருந்தாள். துக்கத்துக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், ஆளே பாதியாகியிருந்தாள். "வீட்டுக்குப் புகை போட்டாச்சு. துணிமணியெல்லாம் கொளுத்தியாச்சு. பள்ளிக்கூடத்து மிஷின்ல மட்டும் பேரு இன்னும் கிடக்குதாம், பிள்ளைங்க சொல்லுதுங்க. அதையும் துடைச்சிட்டு வந்து சொல்லுடி. நான் வீட்டுக்கு வந்துடறேன்." ஐந்து வாரமாகக் குடிலில், பனி விழுகிற பாலைவனத்தில், ஒரு மெத்தையில் கிடக்கிறவள். இதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் தங்கை என்று எதற்கு ஒருத்தி?

நோரீன் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். மொத்தம் பதினொரு பதிவுகள். வாரத்துக்கு ஒன்று எழுத வேண்டும் என்பது ஹாரியட்டின் ஏற்பாடு. தாஸ்மேனியாவில், கடலுக்கு அந்தப் பக்கம், இதே வயதுப் பிள்ளைகளின் வகுப்பு ஒன்று படித்துவிட்டுப் பின்னூட்டம் போடும். அதற்கு ஒரு சட்டம் உண்டு: இரண்டு நட்சத்திரம், ஓர் ஆசை. நன்றாக இருக்கிற இரண்டு விஷயத்தைப் பாராட்டிவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று ஒன்றைக் கேட்க வேண்டும். வேறு எதுவும் எழுதக் கூடாது. பிள்ளைகள் மனம் நோகாமல் எழுதக் கற்றுக்கொள்வார்களாம். கற்றுக்கொண்டார்கள், பொய் சொல்லக் கூடாது.

முதல் பதிவு உடும்பு பிடித்தது. வாலில் எவ்வளவு கொழுப்பு இருந்தது, யார் யாருக்குப் பங்கு, எல்லாம் இருந்தது. அழி என்று அமுக்கினால் இயந்திரம் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. நிச்சயம்தான். இரண்டாவது, மாமாவின் கதவில்லாத கார். மூன்றாவது, கால்பந்துத் திருவிழா. வாசிக்காமல் அழித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். கை அமுக்குவதற்குள் கண் வாசித்துத் தொலைத்தது. எட்டாவதில் சிரிப்புக்கூட வந்தது, நோரீனின் குறட்டையைப் பற்றி எழுதியிருந்தாள் கழுதை. பத்தாவதில் விரல் நின்றுவிட்டது.

'என் முட்டி வலிக்கிறது. திங்கட்கிழமை வலது முட்டி. செவ்வாய்க்கிழமை இடது முட்டி. இன்றைக்கு முழங்கைக்கு வந்துவிட்டது. வலிக்கு என் உடம்பில் நிறைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது.'

கீழே தாஸ்மேனியாப் பையன் ஒருவன்: 'நட்சத்திரம்: வலி வீடு வீடாகப் போவது சூப்பர். நட்சத்திரம்: சிரித்துக்கொண்டே படித்தேன். ஆசை: அடுத்து எந்த வீட்டுக்குப் போகும்?' அதற்குக் கீழே நோரீனே எழுதியிருந்தாள். மறந்தே போயிருந்தாள். 'ஆசை: வலி எப்படி இருக்கிறது என்று இன்னும் விவரமாக எழுது, கண்ணு.'

சொன்னதைச் செய்கிற பிள்ளை. அடுத்த வாரம் விவரமாக எழுதியிருந்தது. 'முட்டி சூடாக இருக்கிறது, கை வைத்துப் பார்த்தால் தெரியும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் சுவரில் சாய்ந்து தூங்குகிறேன். நெஞ்சுக்குள் யாரோ ஓடுகிறார்கள். ஆனால் நான் ஓடவில்லை.' பதினேழு பின்னூட்டங்கள். முப்பத்து நாலு நட்சத்திரங்கள். அந்த வாரத்தின் சிறந்த பதிவு என்று ஹாரியட் சான்றிதழும் குச்சி ஐஸும் கொடுத்தாள். வகுப்பே கைதட்டியது. நோரீனும் தட்டினாள்.

அன்றைக்கு ஹாரியட் கேட்கவும் செய்தாள். "நிஜமாவே வலிக்குதா நோரீன் அவளுக்கு?"

"அட நீங்க வேற மிஸ்," என்று நோரீன் சிரித்தாள். "அடுத்த வாரம் ஓட்டப் பந்தயம் வருதுல்ல. கள்ளி, அதுக்கு இப்பவே கதை விடுறா."

அப்போது வால்டா ஊரில் இல்லை. சிறுநீரகம் கெட்ட புருஷனோடு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெண் இருந்தது நோரீன் வீட்டில். பதினொரு பேர் படுக்கிற வீட்டில் ஒன்று சுவரில் சாய்ந்து தூங்கினால் இடமில்லை என்றுதானே நினைப்பார்கள்? அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஊரில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியின் வாசல் சுவரொட்டியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. மூட்டு வலித்தால் உடனே கூட்டி வாருங்கள், இதயத்தைப் பிடித்துவிடும் என்று அதில் போட்டிருக்கிறது. அதை நோரீன் தினமும் இரண்டு முறை தாண்டிப் போகிறவள். அவளுடைய சொந்தத் தம்பி மகனுக்கே இதற்குத்தான் மாதாமாதம் ஊசி, அவள்தான் கூட்டிப் போகிறாள். தெரியாது என்று அவள் யாரிடம் சொல்ல முடியும்? பாவி, தெரியாது என்று யாரிடம் சொல்ல முடியும்?

பிரின்டர் பக்கத்திலேயே இருந்தது. பெயரை மறைத்துவிட்டு அச்செடுத்து அக்காவுக்குப் படித்துக் காட்டலாம். வால்டாவுக்கு அவ்வளவாக வாசிக்க வராது. நோரீன் அதை நினைக்காமல் இல்லை. ஊர் முறையும் அழி என்றது, அவளுடைய பயமும் அழி என்றது. இரண்டும் ஒரே குரலில் பேசியதால் எது பேசுகிறது என்று பிரித்துக் கேட்க அவள் மெனக்கெடவில்லை. 'நிச்சயமாகவா?' என்று இயந்திரம் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்று அமுக்கினாள். இடது ஓரத்தில் ஆறாவது இடத்துக்கு ஏழாவது பெயர் ஏறிக்கொண்டது.

பள்ளி விட்டு அவள் வந்தபோது வால்டா காத்திருக்கப் பொறுக்காமல் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டிருந்தாள். இலையோடு முறித்த கிளை ஒன்றைக் கையில் வைத்துச் செம்மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள். போனவளின் காலடித் தடம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

"எடுத்துட்டியாடி?"

"எடுத்தாச்சுக்கா. ஒண்ணும் இல்ல இப்ப."

வால்டா நிமிர்ந்தாள். "என்னத்த எழுதியிருந்தா?"

"உடும்பு பிடிச்சதை. வால்ல கொழுப்பு இருந்ததை. என் குறட்டையை."

வால்டா சிரித்தாள். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அறுந்து அழுகையாகிவிட்டது. "டவுன் டாக்டர் கேட்டான்டி. ஒரு மாசமா வலிச்சிருக்குமே, யார்கிட்டயும் சொல்லலையான்னு. அவ அழுத்தக்காரி, ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலைன்னு சொன்னேன். நான் இங்க இருந்திருந்தா என்கிட்டயாவது சொல்லியிருப்பா இல்ல? புருஷன் பின்னாடி போயி பிள்ளையக் கொன்னுட்டேன்."

நோரீன் வாயைத் திறந்தாள். போனவளைப் பற்றி இன்னும் பேசக் கூடாது என்று ஊரே சொல்லிக்கொடுத்திருக்கிறதே, அது வசதியாக வந்து நாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. "அழாதக்கா," என்றாள்.

வால்டா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். கதவிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, குழாயிலிருந்து வேலி வரை, கூட்டக் கூட்ட மண் வழவழவென்று ஆகிக்கொண்டே வந்தது. கடைசியாக நோரீன் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"காலை எடுடி," என்றாள்.

நோரீன் அங்கேயே நின்றாள். வால்டா ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று, அந்த இரண்டு கால்களையும் சுற்றி மெல்லக் கூட்டினாள்.