துக்க வீட்டில் ஹிக்கோ

ஐந்தரைக்குத் தேவாலய மணி அடித்தது. எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். டீயும் கெட்டி பிஸ்கட்டும். மகள் லெஸியெலிக்குத் தலை பின்னினேன், கோணல். கருப்புச் சட்டை போட்டு, துக்க வழக்கப்படி இடுப்பில் கிழிந்த பாயைச் சுற்றிக் கயிறு கட்டினேன். மனைவி ஸெய்னி இறந்து இருபத்திரண்டு நாள். பாயைக் கழற்ற இன்னும் பல மாதம் ஆகும்.

லெஸியெலி கொல்லையில் ஹிக்கோ ஆடிக்கொண்டிருந்தாள். பச்சை எலுமிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக மேலே வீசிப் பிடிப்பது. எங்கள் டோங்காத் தீவுகளில் இதை ஆடாத பெண் பிள்ளை இல்லை. மூன்று காய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கூடவே பாடும் பாட்டு இல்லை. உதடு மட்டும் எண்ணியது.

துக்கத்துக்கு வந்து முன்னறையில் தங்கியிருக்கும் என் அக்கா ஃபூஸி பார்த்துவிட்டாள்.

"அம்மாவைப் புதைச்சு ஒரு மாசம் ஆகல, உனக்கு ஆட்டம் கேக்குதா? கொண்டா இங்க."

"சத்தமே போடலியே அத்தே."

"வாய் வேற. அப்படி என்னடி இருக்கு அதுல?"

லெஸியெலி யோசித்தாள். "அது கீழ விழப் பாக்குது. நான் விடமாட்டேன்."

அக்கா மூன்றையும் பிடுங்கிப் போய் நறுக்கினாள். பச்சை மீனில் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, எனக்குச் சாப்பிட அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

கிண்ணத்தைத் தொடவில்லை. முன்னறை வாசலில் போய் நின்றேன். எங்கள் வழக்கத்தில் அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி கால் வைப்பதில்லை. பிள்ளைமேல் அவளுக்கு இருக்கும் உரிமை பெற்றவனுக்கு இல்லை. லெஸியெலி என்ற பெயரே அவள் வைத்ததுதான். நான் ஃபிஜியில் நான்கு வருடம் படித்த படிப்பு இதில் எதையும் மாற்றவில்லை.

"அக்கா, அவ விளையாடட்டும்."

"ஊர் காறித் துப்பட்டும்னு சொல்லு. உன் பொண்டாட்டி சாகும்போது என்ன சொன்னா? 'என் பிள்ளையை ஜெபத்துல வளக்கணும்'னா. போதகர் பிரசங்கத்துல சொன்னப்போ நீயும்தானே மண்ணு மாதிரி உக்காந்து கேட்ட?"

கேட்டேன். ஸெய்னி போனபோது போதகர் பக்கத்தில் இல்லை. அக்காவும் இல்லை. நான் மட்டும் இருந்தேன். செத்தவள் வாயில் ஒரு வாக்கியத்தைத் திணித்து, அதைக் கொண்டு ஆறு வயதுப் பிள்ளையின் கையைக் கட்டுகிறார்கள். கேட்டால் மரியாதையாம்.

உள்ளே போனேன்.

அக்கா பதறி எழுந்தாள். "டேய், நான் உன் அக்காடா! வெளிய போ!"

"போறேன். ஸெய்னி கடைசியா என்ன சொன்னான்னு கேட்டுக்குங்க. அப்புறம் போறேன்."

சொன்னேன். ஆஸ்பத்திரி வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். லெஸியெலி ஜன்னலுக்கு வெளியே மதிலோரம் ஹிக்கோ ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஸெய்னியின் கையைப் பிடித்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையை உருவிக்கொண்டு என்னை ஒருபக்கமாகத் தள்ளினாள்.

"நகரேன், மறைக்கிற. நாலாவது காயையும் எடுத்துட்டா."