ஏற்றத்தில் அணைந்த வண்டி

மகளைக் கேட்டு வந்த பையன் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றியபோது பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால்தான் குலுக்கல் தெரியும். ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக வேலை பார்த்த காலமெல்லாம் அவர் அப்படித்தான் ஆட்களைத் தேறவைத்தார், திருப்பியும் அனுப்பினார். கிளச்சை விடுவதும் ஆக்சிலேட்டரை மிதிப்பதும் பாலும் தண்ணீருமாகக் கலக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் கழுத்துக்குச் சேதி போகக் கூடாது.

போகவில்லை. இரண்டே கதவுள்ள அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு போனது. கியரை இறக்கும்போதுகூடப் பையன் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினைச் சக்கரத்தின் வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே கிளச்சை விட்டான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதில் பெரியவருக்கு உள்ளூர ஓர் எரிச்சல்.

இதற்கு முன் வந்த வரனை அவர் முதல் சந்திப்பிலேயே தட்டிக்கழித்திருந்தார். "கியர்ல அவசரப்படுறவன் எல்லாத்துலயும் அவசரப்படுவான்" என்பது அவர் சொன்ன காரணம். "எனக்குக் கல்யாணம் பண்றீங்களாப்பா, அவருக்கு லைசென்ஸ் குடுக்குறீங்களா?" என்று மகள் கேட்டாள். இந்தக் குடும்பத்துக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது ஸ்டியரிங்கைப் பிடித்துச் சம்பாதித்த பெயர்.

"ஓரமா நிறுத்துங்க தம்பி. நான் கொஞ்சம் ஓட்டுறேன்."

பையன் தயங்கினான். "முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கிளச் இல்லாத வண்டிதான் ஓட்டுறீங்கன்னு சொன்னாங்க மாமா. இதுல கிளச் கொஞ்சம் மேலதான் பிடிக்கும்."

"எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

பையன் இறங்கி இடம் மாறினான்.

முதல் கியர் சரியாகவே விழுந்தது. இரண்டாவதில் வண்டி ஒரு முறை தலையாட்டியது. இருவரும் அதைக் கவனிக்காததுபோல் இருந்தார்கள். மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் சிவப்பானது.

"ஹேண்ட்பிரேக் போட்டுக்கலாம் மாமா."

"அது வண்டிய நிறுத்திவெக்கிறதுக்கு. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு?"

பாதிக் கிளச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கிப் பிடிப்பது அவருடைய பழைய வித்தை. தேர்வுக்கு வந்தவர்களுக்கு எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறார். இப்போது இடது முட்டி நடுங்கியது. கருகல் வாடை எழுந்தது. பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அலறியது. கால் பொறுக்கவில்லை; கிளச் படக்கென்று விடுபட்டது. எஞ்சின் அணைந்தது. வண்டி பின்னால் உருண்டு, நின்றிருந்த ஒரு சரக்கு வேனில் மோதியது.

வேன் டிரைவர் இறங்கி வந்தான். "ஏற்றத்துல நிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குய்யா இந்த மாதிரி வண்டி?"

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் பையன் இறங்கிவிட்டான். "என் தப்புதாண்ணே. அவர் ஒழுங்காதான் ஓட்டுனாரு. நான்தான் பக்கத்துல இருந்து அதப் பண்ணுங்க இதப் பண்ணுங்கன்னு குழப்பிட்டேன்."

வேன் டிரைவர் குனிந்து உள்ளே பார்த்தான். "வயசானவர ஏன்யா படுத்துற?" என்று முனகிவிட்டுப் போனான்.

இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவர் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடம் மாறினார்கள். வீடு வரும்வரை பையன் அதே மென்மையோடு கியர் மாற்றினான். ஒவ்வொரு மாற்றமும் பெரியவரைக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

வாசலில் காத்திருந்தார் பெரியவரின் தம்பி. அவர் கண்ணில் முதலில் பட்டது பின்பக்க நெளிசல்தான்.

"என்ன தம்பி, பின்னாடி வாங்கியிருக்கு?"

"ஏற்றத்துல கொஞ்சம் உருண்டுடுச்சுங்க."

"எங்கண்ணனப் பக்கத்துல வெச்சிக்கிட்டேவா?" தம்பி உதட்டைப் பிதுக்கினார். அண்ணனிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "அப்ப வேற இடம் பாத்துடலாம், இல்ல?"

படியில் நின்ற மகள் பையனைப் பார்த்தாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் இடிச்சேன்" என்றார் பெரியவர்.

தம்பி சிரித்துவிட்டார். "பாத்தீங்களா எங்கண்ணன் மனச. பையன் மானம் போகக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்குறாரு. நீங்க நம்புறீங்களா அண்ணி?"

"இவரா?" என்றாள் மனைவி. "இவரு கூடத்துலருந்து சமையல்கட்டுக்குத் திரும்புறதுக்கே கை காட்டுற ஆளாச்சே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவருக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. உண்மையையும் சொல்லியாயிற்று, பெயரும் கெடவில்லை. அந்த நிம்மதியை உணர்ந்த மறுகணமே அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வேன்காரன் முன்னால் வாயடைத்து இருந்ததைவிட இது கேவலம்.

பையன் கையிலிருந்து சாவியை வாங்கினார். தம்பியிடம், "ஏறு" என்றார்.

தெருமுனைவரை போய்த் திரும்புவதற்குள் வண்டி நாலு முறை உதறியது. மூன்றாவது கியர் விழாமல் கரகரவென்று அரைத்தது. தம்பி டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலுக்கு நேராக எஞ்சின் அணைந்தது. எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"அந்தப் பையனுக்கு ஓட்டத் தெரியும்" என்றார் பெரியவர். "பழிய ஏத்துக்கவும் தெரியுது. நீயே அவங்க வீட்டுக்கு ஃபோன் போட்டு நமக்குச் சம்மதம்னு சொல்லு. இடிச்சது யாருன்னும் சேத்துச் சொல்லு."

"அதெல்லாம் எதுக்குண்ணா வெளிய?"

"சொல்லணும்."

தம்பி அண்ணன் முழங்கையைத் தொட்டார். "சரிண்ணா, சொல்றேன். நம்புறேன், போதும். இறங்கு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மறுபடி கிளச்சை மிதித்தார்.