மரகதம் இழுத்த கோடு

சாலையில் கோடு கிடந்தால் எங்கள் கார் அதில் இறங்கிவிடும். மற்றபடி நல்ல கார்.

புதுத் தார் போடுவதற்காக எங்கள் பக்கத்துச் சாலைகளையெல்லாம் இயந்திரம் வைத்துச் சுரண்டிப் போட்டிருந்தார்கள். சீப்பால் வாரியது போல நீளநீளமாகப் பள்ளக்கோடுகள். கார் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அது ஒரு மரியாதை.

இப்படிப் பல இடங்களுக்குப் போயிருக்கிறேன். கத்திரிக்காய் வாங்கக் கிளம்பி, உடுமலையில் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டாரோடு நின்று பன்னீர் தெளித்தேன். ஒரு பல் டாக்டரின் மாடிப்படியை ஏறினேன், காரோடு. ஒருமுறை நீச்சல் குளத்தின் அடியில் போட்டிருந்த கறுப்புக் கோட்டில் போனேன். மேலே நீந்தியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓய்வு பெற்றவன் எங்கே போனாலும் சரியான நேரத்துக்குத்தான் போய்ச் சேருகிறான்.

என் மனைவி மரகதத்துக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. இடதுபக்க இருக்கையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"ஏனுங்க, நீங்க ஓட்டறீங்களா, அது ஓட்டுதா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப ஒருத்தராச்சும் ரோட்டைப் பாருங்க."

போன செவ்வாய்க்கிழமை கார் ஒரு கோட்டைப் பிடித்து, யாரோ ஒருவர் வீட்டு ஹாலுக்குள் போய் நின்றது. ஒரு குடும்பம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம்," என்று அந்த வீட்டு அம்மாள் ஒரு தட்டு வைத்தார்.

மரகதம் இறங்கினாள். தட்டு வைத்த பிறகு இறங்காமல் இருக்க முடியாது. கார் அதே கோட்டில் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பின்னால் வந்துவிட்டது. வாசலைத் தாண்டியதும் ரோடு ரோலர் குறுக்கே போனது. புதுத் தார். கோடு மறைந்தது. வீடும் தெருவும் கோட்டோடு மறைந்தன.

அன்றிலிருந்து மரகதம் அங்கே இருக்கிறாள். தினமும் போன் செய்கிறாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. நீ எங்க இருக்கறே?"

"ஹால்ல."

"எந்த ஊருன்னு கேளு மரகதம்."

"இத்தனை நாளா அவங்க வீட்ல சாப்ட்டுட்டு, இது எந்த ஊருன்னு எப்படிங்க கேக்கறது? தப்பா நெனைச்சுக்குவாங்க."

அவள் சொல்வதும் சரிதான்.

வீட்டில் நானே சமைக்கிறேன். ரசம் வைத்தால் இரண்டு பேருக்கு வருகிறது. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டு பேருக்கு வருகிறது. தண்ணீரே இல்லாமல் வைத்தேன். இரண்டு பேருக்கு வந்தது.

கார் என் பேச்சைக் கேட்டால்தானே அவளைத் தேட முடியும்? அதைத் தண்டபாணியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் சக்கரம் நேராக்குவதில் பெரிய ஆள். உள்ளே போகும் வழி போகப் போக நீளும். கூட்டம் இருக்கும் நாளில் சூலூர் வரை நீளும்.

தண்டபாணி குனிந்து பார்த்தார்.

"முன் வீல் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டிருக்குதுங்க. பேச்சுவார்த்தை இல்லை."

"என்ன சண்டை?"

"அதெல்லாம் நாம கேக்கப்படாதுங்க. நேராக்கிரலாம். அப்புறம் எந்தக் கோட்டையும் திரும்பிக்கூடப் பாக்காது."

காரை மேடையில் ஏற்றிவிட்டு, ஸ்பேனரோடு அடியில் போய்ப் படுத்தார். வலது சக்கரத்தில் வேலை ஆரம்பமானது. அப்போது போன் வந்தது.

"ஏனுங்க, இவங்க ரேஷன் கார்டுல என் பேரைச் சேக்கறாங்களாம். சாயங்காலம் போறாங்க."

கார்டில் ஏறிவிட்டால் ஏறியதுதான். அவள் அந்த வீட்டு மனுஷி. நான் ஒரு போன் நம்பர்.

"நீ என்ன சொன்னே?"

"ஆசையாக் கேக்கறாங்க. எப்படி மறுக்கறது?" குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வந்து நின்னீங்கன்னா மறுத்துக்கலாம்."

எனக்குத் திடீரென்று விளங்கியது. அந்த வீட்டுக்கு வழி கிடையாது, கோடுதான் உண்டு. நேராகப் போகிற காருக்கு அவள் கிடைக்கவே மாட்டாள்.

"தண்டபாணி, நிறுத்துங்க! எனக்குக் கோட்டுல போற கார்தான் வேணும்."

"வலது வீலை முடிச்சுட்டனுங்களே."

"இடது?"

"அது பழைய குணத்துலதான் இருக்குது."

"அப்படியே இருக்கட்டும்."

"அரை வேலை செஞ்சா எனக்குத் தூக்கம் வராதுங்க."

"எனக்கு செவ்வாய்க்கிழமையிலிருந்தே வரலை."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் போனில் கேட்டேன்.

"மரகதம், வாசல்ல தார் எப்படி இருக்குது?"

"வெயில்ல இளகிக் கெடக்குது. செருப்பு ஒட்டுது."

"கையில ஏதாச்சும் இருக்குதா?"

"குடை. முட்டி வலிக்குதுன்னு ஊனிக்கக் குடுத்திருக்காங்க."

"அதை ரோட்டுல அழுத்தி இழுத்துட்டே வா."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமானாலும்."

"இருங்க. சொல்லிட்டு வரோணும்."

காத்திருந்தேன். போனுக்குள் ஒரு வீடே பேசியது. யாரோ பொட்டலம் கட்டினார்கள். "குங்குமம் எடுத்துக்கங்கம்மா," என்றது ஒரு குரல். "போய்ட்டு வரேன்," என்றாள் மரகதம். பிறகு சர்ரென்று நீளமாக ஒரு சத்தம் ஆரம்பித்தது.

இடது சக்கரம் காது கொடுத்தது. கார் மேடையை விட்டு இறங்கியது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். தண்டபாணி இன்னும் அடியில்தான் இருந்தார். பேருந்து நிலையம் வரை கூடவே வந்தார். அங்கே, "டீக்கு நேரமாச்சுங்க," என்று இறங்கிக்கொண்டார்.

வலது சக்கரம் நேராகப் போகலாம் என்றது. இடது சக்கரம் கேட்கவில்லை. நான் இடதோடு சேர்ந்துகொண்டேன். ஒரு சோளக்காடு, ஒரு சினிமாவின் இடைவேளை, ஒரு பாலத்தின் அடிப்பக்கம் எல்லாம் தாண்டினோம். கறுத்துப் பளபளக்கும் சாலையில், தூரத்தில், காலைச் சற்றே இழுத்தபடி மரகதம் வந்துகொண்டிருந்தாள். கார் குடையின் நுனியை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது.

"இளைச்சுட்டீங்க," என்றாள்.

"நீ இளைக்கலை."

"நல்லாப் பாத்துக்கிட்டாங்க. ஒரு நாள் ரெண்டு பேருமாப் போகோணும்."

ஏறி உட்கார்ந்தாள். பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. இடது சக்கரம் அவள் வந்த கோட்டின் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

"இன்னிக்கு இல்லை," என்று அதனிடம் சொன்னாள்.

கண்ணாடியை இறக்கி, குடையை வெளியே நீட்டினாள். குடை தேவையான அளவுக்கு நீண்டது. சக்கரத்துக்கு முன்னால் அதன் நுனியைத் தாரில் ஊன்றி, நிதானமாக ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தாள். சக்கரம் யோசித்தது. இறங்கியது. வலது சக்கரமும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தது.

வெகுதூரம் போனோம்.

"மரகதம், இது நம்ம வீட்டுக்குப் போற வழி இல்லையே."

"தெரியும்."

"பின்ன எங்க போறோம்?"

ஊசியில் நூல் கோக்கிறவளைப் போல நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம வாங்க. கோடு கோணிக்கும்."