விருந்தாளிகளின் படகு

வெளிச்சம் மரங்களைத் தாண்டிக் கீழே இறங்குவதற்கு முன்பே கொப்பரை கொதிக்கத் தொடங்கிவிட்டது. நெட்டையக்கா நீண்ட கட்டையால் படுக்கை விரிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. சலவைச் சோடா கலந்த ஆவி, தோலுரிந்த விரலிடுக்குகளில் மிளகாய் அரைத்துப் பூசியதைப் போல எரிந்தது. கணுக்காலில் ஓர் அட்டை ஏறி உப்பிக் கிடந்தது. குனிந்து பிடுங்க நேரமில்லை. மத்தியானத்துக்குள் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

அந்தக் காட்டில் எதுவும் தானாகக் காயாது. மழை பெய்யாத நாளிலும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். துவைத்ததை இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழிந்து, தகரக் கொட்டகைக்குள் கொடியில் போட்டு, கீழே தணலைப் பரப்பி உலர்த்த வேண்டும். கொடிக்கு அடியில் குனிந்தே நடக்க வேண்டும். நெட்டையக்காவின் உயரத்துக்கு அது தனித் தண்டனை.

"அண்ணி, உங்க அம்மா கொடியை அளந்து பார்த்துட்டுப் பெத்திருக்கணும்" என்பாள், மூலையில் இஸ்திரி போடும் தம்பி பெண்டாட்டி. அவளுக்கு ஏழாம் மாதம். கரிப்பெட்டியின் சூடு வயிற்றில் படாமல் பக்கவாட்டில் திரும்பி நின்று தேய்ப்பாள்.

முதலாளி ஆறு வருஷத்துக்கு முன்பு ஆற்றோடு வந்தார். கரையைக் கொடுத்தால் ஊருக்கு வெளிச்சம் வரும், பள்ளிக்கூடம் வரும், உடம்புக்கு முடியாதவர்களை டவுனுக்குக் கொண்டுபோகப் படகு வரும் என்றார். ஊரே கைநாட்டு வைத்தது. விடுதி வந்தது. வெளிச்சம் விடுதி வாசலோடு நின்றுகொண்டது. அப்புறம் கரையில் மீன் பிடிக்கக் கூடாது என்றார்கள். பகலில் குடிசைகளில் அடுப்பு புகையக் கூடாது என்றார்கள். மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காடு காடாகத் தெரிய வேண்டுமாம். சாலை கிடையாது. டவுனுக்கு நடந்தால் ஒரு முழுப் பகல், மோட்டார் படகில் இரண்டு மணி நேரம். இருந்த ஒரே படகு விடுதியுடையது.

அன்று காலை தம்பி கொட்டகைக்குள் தலையை நீட்டினான். மரம் ஏறுவதில் கெட்டிக்காரன் என்பதால் ஊரில் அவனுக்கு அணில் என்றே பெயர். விருந்தாளிகள் நடப்பதற்காக மர உச்சிகளுக்கு நடுவே கட்டியிருந்த தொங்கு பாலத்தைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை.

"பாலத்து மேலயா போற? கயிறு இத்துப்போச்சுன்னு சொன்னியேடா?"

"சொன்னேன்க்கா. சீசன் முடியட்டும், மாத்திக்கலாம்னுட்டார். பலகையில பாசி புடிச்சிருக்காம். வர்றவங்க வழுக்கி விழுந்துடுவாங்க, போய்ச் சுரண்டுங்கிறார்."

"நீ விழுந்தா?"

"அணில் எங்கக்கா விழுந்திருக்கு?"

சிரித்துக்கொண்டே போனான்.

விழுந்த சத்தம் கொட்டகை வரை கேட்டது. முதலில் கயிறு அறுந்த சத்தம், பிறகு கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியும் சத்தம். நெட்டையக்கா கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். பத்து ஆள் உயரத்திலிருந்து விழுந்தவன் வேர்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். உயிர் இருந்தது. வாயோரம் ரத்தம். சமையல்காரர் கிடங்குக் கதவைக் கழற்றி வந்தார். அதில் கிடத்தி, ஆறு பேர் படகுத்துறைக்குத் தூக்கி ஓடினார்கள்.

படகு கிளம்பத் தயாராக நின்றது. முதலாளி துறையில் நின்று, வரப்போகிறவர்களின் பெயர்களைப் படகோட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன இது? இறக்காதீங்க. படகுல வைக்காதீங்க."

"ஐயா, உசுரு இருக்குதுய்யா. படகு காலியாத்தானே போகுது" என்றார் சமையல்காரர்.

"காலியாப் போகும். வரும்போது எட்டுப் பேர் உக்காந்து வரணும். ரத்தத்து மேலயா உக்காருவாங்க?"

"நான் கழுவிடுறேன்யா. என் கையாலயே கழுவிடுறேன்" என்று நெட்டையக்கா காலில் விழுந்தாள்.

அவர் காலை நகர்த்திக்கொண்டார். குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை.

"இந்தாம்மா, புரிஞ்சுக்க. ஆஸ்பத்திரியில எப்படி விழுந்தான்னு கேப்பாங்க. போலீஸ் வரும், பாலத்துக்குச் சீல் வைக்கும். பாலம் இல்லாட்டி இங்க எவன் வருவான்? உங்க எல்லார் பொழப்பும்தான் போகும். உங்களுக்காகத்தான் சொல்றேன். படகு திரும்பி வரட்டும், சாயங்காலம் அனுப்பறேன்." படகோட்டி பக்கம் திரும்பினார். "என்ன பார்க்கிற? இது உன் படகா? எடு."

படகோட்டிக்கு வீட்டில் ஐந்து வயிறு. யாரையும் பார்க்காமல் இயந்திரத்தை முடுக்கினான். நெட்டையக்கா தண்ணீரில் குதித்துப் பின்கயிற்றைப் பிடித்தாள். மார்பளவு ஆழம் வரை படகு அவளை இழுத்துச் சென்றது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு நழுவியது.

அணில் அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் உயிரோடு இருந்தான். தம்பி பெண்டாட்டி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, என் காலு எங்க இருக்குன்னு பாரு."

"இருக்குடா தம்பி. ரெண்டும் இருக்கு."

"அப்புறம் ஏன் எனக்குத் தெரியல?"

நெட்டையக்கா அவன் காலைப் பிடித்துவிட்டாள். அழுத்திப் பிடித்தாள், கிள்ளியும் பார்த்தாள். அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எதுவுமே தெரியாமல் போயிற்று.

"துறையில வேண்டாம், அவங்க இறங்குற நேரம்" என்றார் முதலாளி. பிணத்தைச் சலவைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதையும் அவர்களே செய்தார்கள். ஏன் செய்தோம் என்று பிற்பாடு ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆறு வருஷப் பழக்கம்.

படகின் இரைச்சல் கேட்டதும் முதலாளி கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"மேல எட்டுக் கட்டில் வெறுமனே கிடக்கு. அழுகையை நாளைக்கு வச்சுக்கலாம். ஏம்மா, நீ இஸ்திரியை முடி."

தம்பி பெண்டாட்டி எழுந்தாள். நடந்து போனாள். கரிப்பெட்டியைக் கையில் எடுத்தாள். ஒரு விரிப்பை விரித்து ஓரம் பார்த்து நீவினாள். அவள் கண்ணில் ஒன்றுமே இல்லை. கொட்டகையில் நின்ற எட்டுப் பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

நெட்டையக்கா போய், அந்தப் பெட்டியை மெல்ல வாங்கித் தரையில் வைத்தாள். "விடு கண்ணு." பிறகு வாளித் தண்ணீரைத் தூக்கித் தணல் மேல் கவிழ்த்தாள். கொட்டகை முழுக்கச் சாம்பலும் ஆவியும் சீறின.

"என்னடி பண்ற?" என்றார் முதலாளி.

"அணைக்கிறேன்."

அடுத்தவள் கொப்பரை அடுப்பை அணைத்தாள். இன்னொருத்தி கொடியை அவிழ்த்துவிட்டாள். நாற்பது விரிப்புகள் சேற்றில் விழுந்தன. முதலாளி ஒருத்தி பேரைச் சொல்லி மிரட்டினார், இன்னொருத்தியிடம் தணிவாகப் பேசினார். ஒருத்தியும் திரும்பவில்லை. அதற்குள் சமையலறை மொத்தமும் வந்துவிட்டது. அறை கூட்டுகிறவர்கள் துடைப்பத்தோடு வந்தார்கள்.

தார்ப்பாயை விலக்கி, கதவோடு தூக்கினார்கள். வேலைக்காரர்கள் கால் வைக்கக் கூடாத முன்வாசல் பாதை வழியாகவே நடந்தார்கள். பழச்சாற்றுக் கோப்பைகளோடு நின்ற விருந்தாளிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "சின்ன விபத்துதான்" என்று முதலாளி அவர்களிடம் சிரிக்கப் பார்த்தார். ஒருவர் போனை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற அம்மாள் அவர் கையை அமுக்கினாள்.

துறையில் படகோட்டி கதவின் மேல் கிடந்த முகத்தைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சாவியைக் குடு" என்றார் முதலாளி.

"குடுக்க மாட்டேன்யா. காலையில ஒரு தடவை உங்க பேச்சைக் கேட்டேன். இந்தச் சென்மத்துக்கு அது போதும்."

"படகுல ஏறுறவன் எவனும் இந்த ஊருக்குள்ள திரும்பிக் கால் வைக்க முடியாது. ஞாபகம் வச்சுக்கங்க."

"ஊரு எங்களுது. விடுதிதான் உங்களுது" என்றாள் நெட்டையக்கா.

"கைநாட்டு வச்சிருக்கீங்க."

"கரைக்கு வச்சோம். உசுருக்கு வைக்கல."

அணிலைப் படகின் நடுவே கிடத்தினார்கள். படகோட்டி ஏறுவதற்குக் கை நீட்டினான். நெட்டையக்கா அந்தக் கையைத் தொடவில்லை. தம்பி பெண்டாட்டியை மட்டும் அவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தானே ஏறினாள். பத்துப் பேருக்கு மேல் படகு தாங்காது.

"நீங்க முன்னால போங்க. நாங்க கரையோட நடந்து வர்றோம். டவுன் போலீஸ் ஸ்டேஷன் வாசலை விட்டு அசையாதீங்க, நாங்க வந்து சேர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க" என்றார் சமையல்காரர். இருபத்தேழு பேர் அவர் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஸ்டேஷனில் அடி விழலாம், உள்ளே தள்ளலாம், திரும்பி வரும்போது குடிசைகள் இல்லாமலும் போகலாம். அது தெரியாதவர்கள் அந்த வரிசையில் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. படகோட்டி, நடப்பவர்கள் கண்ணுக்குத் தப்பாதபடி மெதுவாகவே ஓட்டினான்.

இரண்டாவது வளைவில் வேறொரு விடுதி இருந்தது. அதன் பின்புறத்தில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரு வெள்ளை விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். படகையும் கரையில் வரும் கூட்டத்தையும் பார்த்துக் கையை நிறுத்தினார்கள்.

"எங்க இத்தனை பேரும் போறீங்க?" என்று ஒருத்தி கத்திக் கேட்டாள். "படகுல படுத்திருக்கிறது யாரு?"

நெட்டையக்கா கண்ணைத் துடைத்தாள். முதல் தடவையாகப் படகோட்டியின் தோளைத் தொட்டு, "கரையில விடு" என்றாள்.

இயந்திரம் அடங்கியது. நடந்து வந்தவர்களும் அங்கே வந்து சேர்ந்து நின்றார்கள். அந்தப் பெண்கள் விரிப்பை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கொட்டகைக்குள்ளிருந்து இன்னும் பலர். நெட்டையக்கா படகில் எழுந்து நின்று, காலையிலிருந்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.