குடும்பத்தோடு நடக்க ஏற்ற பாதை

நாங்கள் மலை ஏறுவதற்கு முந்தின நாளே மலையைப் பற்றிய அறிக்கை தயாராகிவிட்டது. சொன்னவர் என் வீட்டுக்காரர் இளவரசன். எழுதினவள் நான்.

கள்ளக்குறிச்சியில் ரோடு போடுகிற ஒரு ஆபீஸில் அவர் பொறியாளர். எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள், நான் அவரோடு குடும்பம் நடத்த வேண்டும். படித்ததெல்லாம் இங்கிலீஷ் மீடியம். தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால் மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டிவிடும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பெயரே செந்தமிழ்ச்செல்வி, இதைவிட வசதி வேண்டுமா? பதினேழு வருஷமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் ஈஸிச்சேரில் சாய்ந்துகொண்டு சொல்லுவார், நான் ஆபீஸ் தமிழில் டைப் அடித்துக் கொடுப்பேன்.

கல்வராயன் மலையில் மேல்நெல்லிக்காடு என்று ஒரு ஊர். அறுபது வீடு இருக்கும். அடிவாரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் ஏறித்தான் போக வேண்டும், சைக்கிள்கூடப் போகாது. ரோடு கேட்டு அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடு என்று இவருக்கு உத்தரவு வந்தது. ஆபீஸில் மேலே இருக்கிறவர்களுக்கு அந்த ரோட்டில் இஷ்டமில்லை என்ற சேதி உத்தரவுக்கு முன்னாடியே வந்துவிட்டது. இவருக்கு அது போதாதா?

"ரோடு இன்னாத்துக்கு செல்வி? இப்பல்லாம் டிரெக்கிங்தான். அடிவாரத்துல ஒரு ஆர்ச்சி, வழியில நாலு சிமெண்ட் பெஞ்சி, 'குடும்ப நடைபாதை'னு ஒரு போர்டு. செலவு கம்மி, பேரு ஜாஸ்தி. அடி, அடி. 'பாதை நல்ல நிலையில் உள்ளது. குடும்பத்தோடு நடந்து செல்ல ஏற்றது. சாலை தற்சமயம் அவசியமில்லை.'"

"நீங்க இன்னும் அங்க போவவே இல்லியே?"

"அதான் நாளைக்குப் போறமே. நீ, நானு, ரம்யா. குடும்பத்தோட போட்டோ எடுத்து ஃபைல்ல சேத்துட்டா எவன் கேள்வி கேப்பான்?"

பெண்டாட்டியையும் பதினாலு வயசுப் பெண்ணையும் ஃபைலில் வைத்துக் கட்டுகிற யோசனை என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்காவது வந்திருக்குமா என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு அடித்தேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்க்கணுமே! புது ஷூ, புதுத் தொப்பி, மடக்கி வைக்கிற ஊன்றுகோல் இரண்டு, கையில் அடியை எண்ணுகிற வாட்ச். அந்த வாட்ச் அவர் பாத்ரூமுக்குப் போய் வந்தால்கூட சபாஷ் சொல்லும். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்தில் காரை நிறுத்தினோம்.

முதல் இருநூறு அடி நல்ல சமதளம். போட்டோ முழுவதும் அங்கேயே எடுத்து முடித்துவிட்டார்.

"சிரி செல்வி. கையக் கோத்துக்கினு நட. ரம்யா, கொஞ்சம் ஓடு, காத்துல தலமுடி பறக்கட்டும்."

"அப்பா, விளம்பரமா எடுக்கறோம்?" என்றாள் ரம்யா.

அங்கே முனியன் எங்களுக்காகக் காத்திருந்தார். மேல்நெல்லிக்காட்டுக்காரர், ஐம்பது வயசு இருக்கும், தோளில் ரேஷன் அரிசி மூட்டை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. சாரை மேலே கூட்டிப்போகத்தான் விடியற்காலையிலேயே இறங்கி வந்தாராம்.

"எங்க மனுவுக்காவ ஒரு சாரு நேர்ல வந்தது இதாங்க மொதோ தபா. ரோடு வந்துருங்களா சார்?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் இவர்.

பார்த்து முடித்தது எனக்கல்லவா தெரியும்! முனியன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இருநூறு அடிக்கு மேல் பாதை என்று ஒன்று இல்லை. மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு வந்த பள்ளம்தான் பாதை. முட்டிவரை உயரமுள்ள கல், அதன்மேல் இன்னொரு கல். முனியன் மூட்டையோடு முன்னால் போய் நின்று நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் முதல் கிலோமீட்டரில் இயற்கையைப் பற்றிப் பேசினார். இரண்டாவதில் தண்ணீர் கேட்டார். மூன்றாவதில் நாக்கு தள்ளிவிட்டது. ஓடை ஒன்று குறுக்கே வந்தது. முனியன் கை நீட்டினார். இவர் பொறியாளராயிற்றே, கையைப் பிடிப்பாரா? ஊன்றுகோலை ஊன்றிப் பாசிக் கல்லில் காலை வைத்தார், வழுக்கி உட்கார்ந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. மிச்சத் தூரத்தை முனியன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கடந்தார். நாலு கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம்.

ஊரில் பலா மரத்தடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். சாமைச் சோறு போட்டார்கள். பக்கத்திலேயே ஒரு டோலி தயாராகக் கிடந்தது. நீளமான மூங்கில் கழி, அதில் கட்டித் தொங்கவிட்ட கம்பளி. இது யாருக்கு என்று கேட்டேன்.

"எம் மருமவளுக்குங்க" என்றார் தைலம்மாள் என்கிற அம்மா. நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்ற பெண்ணைக் காட்டினார். பெயர் சின்னப்பொண்ணு, இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். நாள் நெருங்கிவிட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிடு என்று நர்ஸ் சொல்லிவிட்டாராம்.

"வலி எடுத்தப்புறம் தூக்கினா தாங்காதுங்க. போன வருஷம் எங்க நாத்தனா மவ ஓடக்கிட்டயே பெத்துட்டா. புள்ள தங்கல. அதான் இந்தவாட்டி முன்னாடியே எறக்கிடலாம்னு."

என் வீட்டுக்காரர் சாமைச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்ல ஏற்பாடு" என்றார். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

வெயில் சாய்ந்ததும் கிளம்பலாம் என்று எழுந்தார் அல்லவா, எழுந்தவர் "ஐயோ!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷூவைக் கழற்றினால் கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிக் கிடந்தது. தரையில் வைக்க முடியவில்லை. முனியன் டோலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். இன்னொரு டோலி கட்டலாம், கம்பளிக்குப் பஞ்சமில்லை. தூக்க ஆள்? வயசுப் பிள்ளைகள் எல்லாம் திருப்பூரிலும் கேரளாவிலும். ஊரில் தூக்கக்கூடிய ஆம்பிளைகள் முனியனோடு சேர்த்து நாலே பேர்.

நான் அவர் காதில் சொன்னேன். "இன்னைக்கு இங்கயே தங்கிடலாங்க. அந்தப் பொண்ண எறக்கிட்டு நாளைக்கு வந்து உங்களத் தூக்கட்டும்."

"நாளைக்கு ஒன்பதரைக்கு எனக்கு மீட்டிங்குடி! அறிக்கைய அங்கதான் குடுக்கணும்!"

அதற்குள் அந்தப் பெண் சின்னப்பொண்ணே முன்னால் வந்தாள். "நான் மெல்லமா நடந்துர்றங்க. சாரு ஏறட்டும்." பிறகு மாமியாரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், எனக்கும் கேட்டது. "சாருக்கு ஏதுனா ஆயிட்டா நம்ம ரோடு போயிடும் அத்த."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேச்சுக்காவது சொல்லலாமில்லையா? தொப்பியைச் சரிசெய்துகொண்டு டோலியில் ஏறிவிட்டார் மகராசன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊன்றுகோலால் ஒன்று போட்டிருப்பேன், மகள் இருந்தாளே என்று விட்டேன்.

இறங்கினோம். முன்னால் டோலி. பின்னால் சின்னப்பொண்ணு, ஒரு பக்கம் நான், மறுபக்கம் தைலம்மாள். ரம்யா துணிப்பையைத் தூக்கிக்கொண்டாள். கல்லுக்குக் கல் அந்தப் பெண் பக்கவாட்டில் திரும்பித்தான் காலை வைத்தாள். ஐந்து இடத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அவள் நின்றபோதெல்லாம் வலி எடுத்துவிட்டதா என்று கேட்டேன். ஓடையில் அவளை நானும் தைலம்மாளும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் கடத்தினோம். முன்னால் கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"பாத்து! பாத்து! இடுப்புல கல்லு இடிக்குது!"

"அப்பா, ஃபைலுக்கு ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்று கேட்டாள் ரம்யா. என் பெண்ணல்லவா! தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

தூக்கினவர்கள் தோள் மாற்ற நின்றபோது முனியன் தோளில் கழி அழுத்தின இடம் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். அவரோ "சாரே நேர்ல பாத்துட்டாரு, இனிமே ரோடு வந்துரும்" என்று மற்ற மூன்று பேருக்கும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அடிவாரம் வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. சின்னப்பொண்ணையும் மாமியாரையும் எங்கள் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நான்தான் ஓட்டினேன், சாருக்குக் கால் முடியாதே.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தைலம்மாள் போன் செய்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டூலின்மேல் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கோ முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"பாத்தியா? நெறமாச கர்ப்பிணியே நடந்து எறங்கிச்சி, ஒண்ணும் ஆவல! செல்வி, இத அறிக்கையில சேத்துடு. 'கர்ப்பிணிகளும் நடந்து இறங்கும் அளவுக்குப் பாதை வசதியாக உள்ளது.' எவன் கேள்வி கேப்பான்?"

லேப்டாப்பை எடுத்து வைத்து, சனிக்கிழமை அடித்ததை முழுவதும் அழித்தேன். புதிதாக அடித்தேன். பிரிண்ட் எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

'பாதையில் நடக்க முடியாமல் உதவிப் பொறியாளர் திரு. இளவரசன் காயமடைந்தார். நிறைமாதக் கர்ப்பிணிக்கென வைத்திருந்த டோலியில் அவரை நால்வர் சுமந்து இறக்கினர். அக்கர்ப்பிணி நான்கு கிலோமீட்டர் நடந்தே இறங்கினார். சென்ற ஆண்டு இப்பாதையில் பிறந்த குழந்தை இறந்துள்ளது. சாலை உடனடியாகத் தேவை.'

படித்தார். தமிழ் எழுதத்தான் வராது, படிக்க நன்றாக வரும். காது மடல் சிவந்தது.

"உனக்கு பைத்தியமா? மேல இருக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"இதுல எந்த வரி பொய்யினு காட்டுங்க, எடுத்துடறேன்."

பேப்பரைக் கவிழ்த்துப் போட்டார்.

"பழசயே அடிச்சிக் குடு செல்வி."

"முடியாதுங்க. வேற வேணும்னா பேப்பரு இருக்குது, பேனா இருக்குது, உக்காந்து நீங்களே எழுதுங்க. உங்க ஆபீஸ்ல யாரு கேட்டாலும் போட்டோல இருக்கற குடும்பம் நேர்ல வந்து சொல்லும், இன்னா நடந்துச்சினு."

"நானுந்தான் வருவேன்" என்றாள் ரம்யா, பள்ளிக்கூடத்துக்கு ஜடை பின்னிக்கொண்டே.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை. வெள்ளைப் பேப்பரைப் பார்த்தார். பேனாவை எடுத்து 'பாதை' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேப்பரைத் தள்ளிவிட்டுக் குரலை இறக்கிக் கேட்டார்.

"சரி, ரோடு கேட்டா கேட்டுட்டுப் போவட்டும். எம் பேரயும் போஸ்டயும் மட்டும் எடுத்துடுடி. ஆபீஸ்ல சிரிப்பானுங்க."

பதினேழு வருஷத்துக்கு அந்த அளவு இரக்கம் காட்டலாம் என்று தோன்றியது. பெயரை எடுத்தேன். பதவியையும் எடுத்தேன். ஆனால் வாக்கியத்தில் ஆள் வேண்டுமே? அந்த இடத்தில் 'தொண்ணூற்றாறு கிலோ எடையுள்ள ஆண் ஒருவர்' என்று போட்டேன்.

படித்துவிட்டு வாயைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவை மூடி வைத்த பிறகுதான் சொன்னார்.

"தொண்ணூத்தி நாலுதான்டி."

"அத தூக்கினவங்க சொல்லட்டும்" என்றேன்.